திறப்புக் கோர்வை வைத்திருந்தவர்

ஒரு சர்வாதிகாரியை வெருட்டினால் அவன் தன் ஆயுதக் கிடங்குகளைச் சோதிக்க விடுவானா, மாட்டானா என்ற கேள்விக்கு எங்கள் சலவைத் தொழிற்சாலையில் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று றேடியோவின் பதில். மற்றது என் எதிர் மூலையில் நின்றவருடையது.

தொழிற்சாலை, பிரெஞ்சு பேசும் எங்கள் குளிர் நகரத்தில், செயின்ட்-மிஷேல் என்ற பகுதியில் இருக்கிறது. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் அங்கே வண்டி வண்டியாக வரும். கழுவி அரை ஈரத்தோடு வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து, சூடான பெரிய உருளைக்குள் நேராகக் கொடுக்க வேண்டும். ஒருவர் கொஞ்சம் கூட இழுத்தாலும் துணி கோணி, இயந்திரம் நின்றுவிடும். ஆகவே மற்றவரின் கையைப் பார்த்தபடியே நிற்கவேண்டும். எட்டு மணித்தியாலம் ஒரு மனிதனின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும்.

என் மற்ற மூலையைப் பிடித்தவர் ஈராக்கிலிருந்து வந்தவர். அறுபதைத் தாண்டியவர். ஆகையால் நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். அதைக் கேட்டுக் கேட்டு அவரும் எல்லோரையும் அண்ணை என்று கூப்பிடப் பழகிவிட்டார். எங்கள் மேற்பார்வையாளர் ஹெயிட்டியிலிருந்து வந்த ஓர் அம்மா. அவவையும் காலையில் கண்டவுடன் "போன்ஜூர், அண்ணை" என்பார். அவவும் "போன்ஜூர், அண்ணை" என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போவா.

றேடியோ என்பது எங்களோடு வேலை செய்த இன்னொரு யாழ்ப்பாணத்துக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர். அவர் காதில் எந்த நேரமும் செய்தி ஓடும். நாங்கள் மூவரும் கதைப்பது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், இடையில் கை. ஈராக்குக்காரர் சொன்னதை நான் என் வாயால் எழுதினால் அது எங்கள் பேச்சாகத்தான் வரும். அதற்கு வாசிப்பவர்கள் என்னை மன்னிக்கவேண்டும்.

ஒரு நாள் சாப்பாட்டு அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு நாடு, இன்னொரு தலைவன், அதே கதை. சோதனைக்காரரை உள்ளே விடு, விடாவிட்டால் அடிப்போம் என்கிறார்கள்.

"பாத்தியளே?" என்றார் றேடியோ. "ரெண்டு கப்பலைக் கொண்டுபோய் வாசல்லை விட்டிட்டாங்கள். இனிப் பாருங்கோ, கதவைத் திறப்பான். வெருட்டினாத்தான் உவங்கள் வழிக்கு வருவாங்கள்."

"திறக்கமாட்டான்" என்றேன் நான்.

"ஏன் திறக்கமாட்டான்? ஈராக்கிலை திறந்தவன்தானே? அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. திறந்தவனோ இல்லையோ?"

ஈராக்குக்காரர் தேநீரைக் கீழே வைத்தார். "திறந்தவன். திறந்து விட்டது நான்தான்."

றேடியோ விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நீங்கள்தானோ சனாதிபதி? எங்களுக்குச் சொல்லாமல் ஒளிச்சிருந்து துணி மடிக்கிறியளோ?"

அவரும் சிரித்தார். "சனாதிபதியிட்டைத் திறப்பு இருக்கிறேல்லை. திறப்பு எப்பவும் என்னைப் போல ஒருத்தனிட்டைத்தான் இருக்கும்."

திறப்பு என்று நாங்கள் சொல்வது சாவியைத்தான். அவர் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தவர். அரசாங்கத் தொழிற்சாலை. இடுப்புப் பட்டியில் எப்போதும் ஒரு திறப்புக் கோர்வை தொங்குமாம். பூச்சிக்கு அடிக்கும் மருந்து செய்கிற இடத்தில் மனிதனுக்கு அடிக்கும் மருந்தும் செய்யலாம் என்ற சந்தேகத்தில் வெளிநாட்டுச் சோதனைக்காரர்கள் வெள்ளை வாகனங்களில் வருவார்களாம். வாகனம் வாசல் படலையடிக்கு வந்தவுடன் மேலாளர் இவருக்குத் தகவல் அனுப்புவார். இவர் கோர்வையையும் கொண்டுபோய்க் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும் காரின் பின் இருக்கையில் படுத்துக்கொள்ள வேண்டும். படலையில் நிற்பவன், கிடங்குக்காரர் செத்த வீட்டுக்குப் போய்விட்டார் என்று சொல்வான்.

"ஒரு வருசத்துக்குள்ளை என்ரை சித்தப்பா மூண்டு தரம் செத்தவர்" என்றார். "மனுசன் இண்டைக்கும் உயிரோடை இருக்கிறார்."

வந்தவர்கள் படலையில் நாலு மணித்தியாலம், ஐந்து மணித்தியாலம் என்று வெயிலில் நிற்பார்கள். பிறகு சண்டை முற்றி அவர்கள் நாட்டை விட்டே போய்விட்டார்கள். சில வருடங்கள் ஒருவரும் வரவில்லை. அதன் பிறகுதான் கப்பல்களும் விமானங்களும் சுற்றிவரச் சேர்ந்தன. ஒரு காலை மேலாளர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, அவர்கள் எந்த நேரம் வந்தாலும் திறக்கவேண்டும், கேட்கமுதல் திறக்கவேண்டும், கக்கூசையும் திறக்கவேண்டும் என்றாராம்.

"பாத்தியளே, நான் சொன்னனானே!" என்று றேடியோ மேசையில் தட்டினார்.

"ஓம், நீ சொன்னது சரி. நான் பொய் சொல்லமாட்டன். வருசக் கணக்காத் திறக்காதவன் ஒரு கிழமையிலை திறந்தவன்."

றேடியோ அன்று மாலை வரைக்கும் அதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். உலர்த்தும் பகுதியில் நின்ற வியட்நாம்காரருக்கும் சொன்னார்.

மிச்சக் கதையை ஈராக்குக்காரர் அடுத்த நாள் எனக்கு மட்டும் சொன்னார். விரிப்பை உருளைக்குள் கொடுத்துக்கொண்டே, என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கப்பல் கதவைத் திறக்கப் பண்ணும், அண்ணை. ஆனா கப்பல் உள்ளுக்கு வந்து எண்ணாது. எண்ணுறதுக்கு ஒரு ஆள் வரவேணும்."

அப்படி வந்தவ ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். குள்ளம். கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பா. மருந்துத் தகரங்களை ஒவ்வொன்றாக எண்ணுவா. அடியில் உள்ள இலக்கத்தை வாசிக்கச் சீமெந்துத் தரையில் முழங்காலில் இருப்பா. புதிதாகப் பூசிய சுவரா என்று உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பா. அவவோடு எந்த நேரமும் அரசாங்கத்தின் ஆட்கள் இருவர் நிழல் போல வருவார்கள். வேலையாட்கள் வாய் திறந்து ஏதாவது சொன்னால், சோதனைக்காரர் போனபிறகு அதற்கு வேலையாட்கள்தான் பதில் சொல்லவேண்டும். அது அவவுக்குத் தெரியும். பதில் சொன்னால் யாருக்கு ஆபத்தோ, அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவே மாட்டாவாம். தானே குனிந்து பார்த்துக்கொள்ளுவா.

கிடங்கின் மூலையில் ஓர் இரும்பு அலுமாரி. "இதின்ரை திறப்பு?" என்று கேட்டா.

"துலைஞ்சுபோச்சு" என்றார் இவர்.

திறப்பு அவருடைய சப்பாத்துக்குள் இருந்தது. அலுமாரிக்குள் பதினொரு பால்மாத் தகரங்கள் இருந்தன. அந்தக் காலத்தில் நாட்டுக்குள் சாமான் வரத் தடை. கடைகளில் பால்மா இல்லை. மேலதிகாரிகளின் வீடுகளுக்கென்று வந்ததில் இவர் ஒன்றொன்றாக எடுத்து ஒளித்து வைத்திருந்தார். வீட்டில் பிறந்து சில மாதமேயான மகள். வெளிநாட்டாருக்கு முன்னால் அதைத் திறந்து, அரசாங்கத்தின் ஆட்கள் கண்டால், களவு எடுத்த குற்றம் ஒரு பக்கம், நாட்டின் மானத்தை வாங்கிய குற்றம் இன்னொரு பக்கம். பிறகு இவர் வீட்டுக்குப் போயிருக்கமாட்டார்.

"நாட்டுக்குள்ளை அவ்வளவு பேரும் சனாதிபதிக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தவை. நான் சொன்னது பால்மாவுக்காக" என்றார்.

அவ அலுமாரியை உடைக்கச் சொல்லவில்லை. கையொப்பமிட்ட ஒரு கடதாசியைக் கதவில் ஒட்டினா. "நாளைக்குக் காலமை வருவன். இது இப்பிடியே இருக்கவேணும். திறப்பைத் தேடி வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. அரசாங்கத்தின் ஆட்கள் இருவரும் இவரைப் பார்த்தார்கள். திறப்பு வராவிட்டால் என்ன நடக்கும் என்று அவர்கள் சொல்லவில்லையாம், சொல்லத் தேவையிருக்கவில்லை.

மறுநாள் காலை திறப்பு "கிடைத்துவிட்டது". அவ முகமூடியைப் போட்டுக்கொண்டு, உள்ளே நச்சு வாயு இருக்கலாம், பத்து அடி தள்ளி நில்லுங்கள் என்று அந்த இருவரையும் விலக்கிவிட்டா. அவர்கள் பயந்து பதினைந்து அடி தள்ளிப் போனார்கள். கதவைப் பாதிதான் திறந்தா, தன் உடம்பால் மறைத்துக்கொண்டு. தகரங்களைக் கண்டா. ஒவ்வொரு தகரத்தையும் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்துச் சின்னக் குப்பியில் போட்டா. பதினொரு தகரத்துக்கும் பதினொரு குப்பி. மூடிகளை இறுக்கினா, கதவைப் பூட்டினா. திறப்பைத் தன் குறிப்புப் புத்தகத்தின் மேல் வைத்து இவரிடம் நீட்டினா. திரும்பி அந்த இருவரிடமும், "எங்களுக்குச் சம்பந்தமானது ஒண்டும் இல்லை" என்றா.

இதைச் சொல்லும்போது அவர் தன் பக்கத்தைக் கூட இழுத்து, விரிப்பு கொஞ்சம் கோணியது. நான் என் பக்கத்தைத் தளர்த்தி நேராக்கினேன்.

"இரக்கப்பட்டுச் சோதிக்காமல் விடவும் இல்லை, அண்ணை. சோதிச்சுப்போட்டுக் காட்டிக்குடுக்கவும் இல்லை. பதினொரு தகரத்தையும் பாத்தவ. நான் அவவா இருந்தா, ரெண்டைப் பாத்துப்போட்டு விட்டிருப்பன்."

நான் கோவிலுக்குப் போகிறவன். வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடாதவன். முகம் தெரியாத அந்தப் பெண் என்ன சமயமோ, எந்த நாடோ. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாமி அறையில் விளக்கேற்றும்போது அவவுக்காகவும் ஒரு நிமிடம் நின்றேன்.

அவவும் அவவோடு வந்தவர்களும் மாதக் கணக்காகத் தேடினார்கள். இன்னும் கொஞ்ச மாதம் தாருங்கள் என்றும் கேட்டார்கள். கப்பல்காரர் கொடுக்கவில்லை. யுத்தம் வந்தது. அந்தக் கிடங்கிலும் குண்டு விழுந்தது.

பிறகொரு நாள் சாப்பாட்டு அறையில் நான் றேடியோவுக்கு இந்தப் பகுதியைச் சொன்னேன், ஈராக்குக்காரரும் பக்கத்தில் இருந்தார். கேட்டுமுடித்த றேடியோ என்னைப் பிடித்தார். "சரி, அது வேறை. வெருட்டு இல்லாமல் ஆர் திறப்பான்? ஊரிலை ஆமிக்காரன் துவக்கோடை வரேக்கை நீங்கள் திறந்தனீங்களோ இல்லையோ?"

"திறந்தனான்" என்றேன்.

திறந்தேன்தான். துவக்கை நீட்டினால் யார் திறக்கமாட்டார்கள்? அப்போது எங்கள் பக்கத்துக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. வீட்டில் நாலு ரோர்ச் பற்றரி இருந்தது. அவற்றை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். அரிசிச் சாக்கைக் கத்தியால் குத்திப் பார்த்துவிட்டு ஒருவன் "பற்றரி?" என்று கேட்டான். நான் படத்துக்கு முன்னால் கையைக் கூப்பிக்கொண்டே, இல்லை என்று தலையாட்டினேன். அவன் தானும் கும்பிட்டுவிட்டுப் போனான். அன்று முழுவதும் நான் சுவாமியை நிமிர்ந்து பார்க்கவில்லை. இதையும் அவர்கள் இருவருக்கும் சொன்னேன்.

"அப்ப வெருட்டினா கதவு திறபடும். பற்றரி வராது" என்று றேடியோ யோசித்துக்கொண்டு சொன்னார். "அப்பிடித்தானே?"

"இன்னும் ஒண்டு இருக்கு" என்றார் ஈராக்குக்காரர். "நாங்கள் திறந்தனாங்கள். திறந்த பிறகும் அடிச்சவங்கள். இனி வேறை ஒருத்தனை வெருட்டித் திற எண்டு சொல்லேக்கை அவன் எங்களை நினைப்பான். நினைச்சுப்போட்டு, திறந்தாலும் அடி, திறக்காட்டிலும் அடி, பிறகேன் திறப்பான் எண்டு இருப்பான்."

றேடியோ காதிலிருந்த செய்தியை நிறுத்திவிட்டு, தன் பாண் துண்டை இரண்டாகப் பிய்த்துப் பாதியை அவருக்குக் கொடுத்தார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எனக்குத் திடீரென்று ஒன்று ஞாபகம் வந்தது. ஈராக்குக்காரரின் போம், அதாவது விண்ணப்பப் படிவம்.

அவர் இங்கே அகதியாக ஏற்கப்பட்டவர். மகள் கலியாணம் கட்டித் தன் பாட்டில் இருந்தாள்; அம்மான் நகரத்தில் தனியே இருக்கும் மனைவியையும் சேர்த்து நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து அப்போதே ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த விண்ணப்பத்தை லாசாலில் எங்கள் சமையலறை மேசையில் வைத்து நிரப்பிக் கொடுத்தவன் நான். அதில் ஒரு பக்கம் முழுவதும் கேள்விகள்: அது செய்ததுண்டா, இதில் இருந்ததுண்டா என்று. எங்கள் ஆட்கள் அந்தப் பக்கத்தை எப்படி நிரப்புவோம் என்பது எங்களுக்குத் தெரியும். மேலிருந்து கீழ்வரை 'இல்லை' பெட்டியில் நேராகக் கீறிக்கொண்டு போவோம். எனக்கு ஒருவர் அப்படிச் சொல்லித் தந்தார். நான் பத்துப் பதினைந்து பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு கேள்வியில் அவர் பேனையைத் தூக்கினார். ஆயுதம் சம்பந்தப்பட்ட அரசாங்க இடங்களில் வேலை செய்ததுண்டா என்ற மாதிரி ஒரு கேள்வி. "பூச்சிமருந்துதான் செய்தது. ஆனா சோதிக்க வந்தவங்கள்..." என்று இழுத்தார். நான் முழுவதையும் கேட்கவில்லை. "பூச்சிமருந்துதானே, இல்லை எண்டு போடுங்கோ. ஒரு ஓம் போட்டாலும் கோப்பு அசையாது" என்றேன். அவர் போட்டார்.

என் மனிசியிடம் சொன்னேன்.

"உங்களுக்கு வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே?" என்றா. "வந்த நாளிலை இருந்து ஊருக்கெல்லாம் போம் நிரப்பிக் குடுக்கிறியள். பிள்ளையளின்ரை பள்ளிக்கூடப் போமிலை பிறந்த திகதியைப் பிழையா எழுதின ஆள்."

"இப்ப என்ன செய்யிறது?"

"என்னை ஏன் கேக்கிறியள்? அந்த மனுசனிட்டைப் போய்ச் சொல்லுங்கோ."

நான் சொல்வதற்குள் அவரே வந்துவிட்டார், கையில் கடிதத்தோடு. நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். முந்தி எங்கே, என்ன வேலை செய்தார் என்று விளக்கம் தேவையாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மேசையைச் சுற்றி இருந்தோம். றேடியோவும் வந்திருந்தார். அவருடைய கோப்பைப் பார்த்த சட்டத்தரணி அம்மா அவரிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தா: பதிலைத் திருத்தலாம், ஆனால் திருத்தினால் கோப்பு எத்தனை காலம் இழுபடும் என்று தெரியாது, மறுத்தாலும் மறுப்பார்கள். திருத்தாமல் விட்டால் அவர்கள் அதைக் கேட்காமலே விடவும் கூடும்.

"இது என்ரை பிழை, அண்ணை" என்றேன். "நான் அவசரப்பட்டு..."

"பேனை என்ரை கையிலைதான் இருந்தது."

அவர் அம்மானுக்கு அழைத்து, கைபேசியை மேசை நடுவில் வைத்தார். மனைவியின் குரல் கேட்டது. அவர் நீளமாகச் சொன்னார். அதன் பிறகு அவ வேகமாகக் கதைத்தா. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னார்.

"அந்தப் பாலைக் கரைச்சுக் குடுத்தது தானாம். தன்ரை பிள்ளை குடிச்ச பாலை ஒளிச்சு வைச்சுக்கொண்டு இஞ்சை வரமாட்டாவாம். சொல்லிப்போட்டு வா எண்டுறா."

றேடியோவுக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கு விசரே, அண்ணை? ஆறு வருசம் பாத்துக்கொண்டிருந்துபோட்டு, வலியப் போய்ச் சொல்லப் போறியளே? இஞ்சை ஆர் உங்களை வெருட்டினது?"

"ஒருத்தரும் வெருட்டேல்லை" என்றார். "அதாலைதான் சொல்லலாம் எண்டு இருக்கு."

மனிசி எழுந்து தேநீர் போடப் போய்விட்டா. அவவின் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது, அழுகிறா என்று.

அடுத்த வெள்ளி கோவிலில் அவருடைய மனைவிக்கு ஓர் அர்ச்சனை செய்யவேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் முஸ்லிம், கேட்காமல் செய்யக்கூடாது என்று கேட்டேன். "உங்கடை கடவுள் என்ரை மனுசிக்கு விசா தாறார் எண்டால் நான் ஏன் வேண்டாமெண்டு சொல்லுறன்?" என்றார். ஐயர் வழக்கம் போல நட்சத்திரம் கேட்டார். எனக்கு அவவின் நட்சத்திரம் எப்படித் தெரியும்? "அப்ப சுவாமி பேருக்குச் செய்வம்" என்று ஐயர் முடித்துவிட்டார். நட்சத்திரம் தெரியாதவர்களுக்கு அப்படித்தான் செய்வது. யார் பேரில் என்றாலும் போய்ச் சேரவேண்டிய இடம் அவனுக்குத் தெரியும்.

நேர்முகத்தன்று மெட்ரோவில் இருவரும் போனோம். நான் ஒரு கடிதம் எழுதி, கையொப்பம் வைத்துக் கொண்டுபோயிருந்தேன்: அந்தப் பெட்டியில் 'இல்லை' என்று கீறச் சொன்னவன் நான், கேள்வியை முழுவதும் கேட்காமல் சொன்னேன் என்று. என் மகள் பிரெஞ்சுப் பிழைகளைத் திருத்தித் தந்தாள். சட்டத்தரணி அதை வாங்கி வாசித்து, "இதனால் பெரிய பயன் இல்லை, ஆனால் கோப்பில் வைக்கிறேன்" என்றா. என்னை உள்ளே விடவில்லை. நடையில் ஒரு கதிரையில் இருந்து விரல் மடக்கி முருகன் நாமத்தை எண்ணினேன். இரண்டரை மணித்தியாலம். எண்ணிக்கை எத்தனை தரம் தவறியதோ தெரியாது.

வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. மெட்ரோவில் ஏறி இருந்தபிறகு சொன்னார்.

"தொழிற்சாலையைப் பற்றி முதல் நானே சொன்னன். அப்ப சோதனைக்காரரிட்டைப் பொய் சொன்னனியளோ எண்டு கேட்டவன். சின்னப் பெடியன், தடிமன் பிடிச்சு மூக்கைத் துடைச்சுக்கொண்டு இருந்தவன். ஓம், நாலு தரம் எண்டு சொன்னன். அவன் தட்டச்சு அடிக்கிறதை நிப்பாட்டிப்போட்டுப் பாத்தவன்."

"பேந்து?"

"கார்க் கதை, அலுமாரிக் கதை எல்லாம் சொன்னன். தகரம் எத்தனை எண்டு ரெண்டு தரம் கேட்டவன். ரெண்டு தரமும் பதினொண்டு எண்டு சொன்னன். ஏன் இதை இப்ப சொல்லுறியள் எண்டு கேட்டவன். முந்திப் போமிலை பிழையாப் போட்டிட்டன், திருத்த வந்தனான் எண்டு சொன்னன். வேறை என்ன சொல்லுறது?"

"உங்கடை மனுசியைப் பற்றி?"

"அது கோப்பிலை இருக்கு எண்டான்."

பிறகு காத்திருப்பு. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம். நடுவில் ஒரு கடிதம் வந்து இன்னும் தாள்கள் கேட்டது. தொலைக்காட்சியில் அந்த மற்ற நாட்டுக் கதையும் இழுபட்டுக்கொண்டே போனது. ஒரு நாள் விடுவான் என்றார்கள், ஒரு நாள் விடமாட்டான் என்றார்கள், ஒரு நாள் அடித்தார்கள். றேடியோ முந்தி மாதிரி அடித்துச் சொல்வதை விட்டுவிட்டார். "கப்பல் போகட்டும், ஆனா எண்ணுற ஆளுக்கு நேரம் குடுக்கவேணும்" என்று சொல்லத் தொடங்கினார். கேட்பவர்களுக்கு விளங்காது. எனக்கு விளங்கும்.

பெரியவர்களின் அரசியல் எனக்குத் தெரியாது. வெருட்டு ஒரு கதவைத் திறக்கிறது என்பதை, அதைத் தன் கையால் திறந்தவரே சொன்னார், நான் மறுக்கமாட்டேன். ஆனால் நான் கேட்டதும் பார்த்ததும் வேறொன்று. ஒரு பெண் பதினொரு குப்பிகளோடு முழங்காலில் இருந்தா. அதன் பிறகு எத்தனையோ வருடம் கழித்து ஒரு மனிதர், யாரும் கேட்காத கதவைத் தானே போய்த் திறந்துவிட்டார், தன் மனைவி வராமல் போகலாம் என்று தெரிந்துகொண்டு. அவவைக் கண்டிராவிட்டால் இவர் அப்படிச் செய்திருப்பாரோ தெரியாது. எனக்கு அப்படிச் செய்யத் துணிவு வந்திருக்காது.

காத்திருக்கத் தொடங்கிய பதினோராவது மாதம், வேலை நேரத்தில் அவருடைய கைபேசி துடித்தது. சட்டத்தரணியின் இலக்கம். ஒரு கையில் விரிப்போடு காதில் வைத்தார். அடுத்த நிமிடம் தன் மூலையை விட்டுவிட்டார். எத்தனையோ வருடத்தில் அவர் விட்டதை நான் கண்டதில்லை. விரிப்பு முறுகி உள்ளே போய், இயந்திரம் கத்திக்கொண்டு நின்றது. மேற்பார்வையாளர் அம்மா ஓடி வந்தா. "என்ன அண்ணை, என்ன செய்துபோட்டாய்?" என்று பிரெஞ்சில் ஏசத் தொடங்கியவ, அவர் முகத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டா. அவர் கைபேசியை எங்களிடம் நீட்டினார், நாங்கள் அதைக் கேட்கவேண்டும் என்பது போல. றேடியோதான் வாங்கிக் கேட்டார். கேட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார்: "மனுசி வருகுது!"

கார்த்திகை மாதக் கடைசியில் அவருடைய மனைவி வந்து இறங்கினா. விமான நிலையத்துக்கு என் மனிசி தன்னுடைய தடித்த குளிர்ச்சட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தா. கதவு திறந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கி முக்கால் மணித்தியாலம் ஆகியும் அவவைக் காணவில்லை. அவர் ஒரே இடத்தில் அசையாமல் நின்றார். கடைசியில், பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு, தலையில் முக்காடிட்ட ஒரு மெலிந்த அம்மா வந்தா. இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை. அவர் பெட்டியை வாங்கினார், அவ அவருடைய கழுத்துப்பட்டியை நேராக்கிவிட்டா. மனிசி குளிர்ச்சட்டையைப் போட்டுவிட்டபோதுதான் அவ மனிசியின் தோளில் முகத்தை வைத்து அழுதா. என் மனிசியும் சேர்ந்து அழுதா. ஒருவர் பேசுவது ஒருவருக்கு விளங்காது.

காரில் லாசாலை நோக்கி வந்துகொண்டிருந்தோம். அந்த வருடத்தின் முதல் பனி. கண்ணாடியில் பூப்பூவாக விழுந்தது. பின் இருக்கையில் இருந்து அவ ஏதோ கேட்டா. அவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

"என்னவாம்?" என்றேன்.

"பனி இவ்வளவும்தானோ, இன்னும் இருக்கோ எண்டு கேக்கிறா."

மனிசி திரும்பி அவவின் கையைப் பிடித்தா. "மறைக்காமல் சொல்லுங்கோ, அண்ணை" என்றா. "சித்திரை வரைக்கும் கொட்டும் எண்டு சொல்லுங்கோ."

அவர் சொன்னார். அவ கண்ணாடியில் மூக்கை வைத்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தா.